தட்டுவடை லினக்ஸும் ராகு காலமும்

ஓய்வு பெற்றவனுக்கு மதியத் தூக்கம் நிச்சயம் என்று யாரோ சொல்ல, நானும் நம்பியிருந்தேன். திருச்செங்கோட்டில் ஒரு போர்வெல் ரிக் ஆபீசில் முப்பது வருடம் சேலத்திலிருந்து போய்வந்து வேலை பார்த்துவிட்டு, போன வருடம்தான் சேலத்து வீட்டில் வந்து உட்கார்ந்தேன். உட்கார விட்டால்தானே! பழைய மெஷின்களுக்கு இனி அப்டேட் கிடையாது என்று எங்கேயோ அறிவித்தாலும் அறிவித்தார்கள், வாரத்துக்கு இரண்டு பேராவது ஸ்கூட்டரின் முன்பக்கம் ஒரு சிபியுவை நிறுத்திக்கொண்டு வந்துவிடுகிறார்கள். "சார், அந்தத் தட்டுவடை இன்னும் இருக்குங்களா?" என்பதுதான் கேள்வி. முதல் தடவை வந்தவருக்கு என் மனைவி மேரி, "அது முக்குக் கடையில சாயங்காலம்தாங்க போடுவாங்க" என்று பதில் சொல்லி அனுப்பிவிட்டாள்.

தட்டுவடை என்பது பழைய கம்ப்யூட்டரையும் ஓட்டுவதற்காக நான் கட்டிய லினக்ஸ் டெஸ்க்டாப்பின் பெயர். சேலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: மொறுமொறுவென்று ஒரு சின்னத் தட்டை, அதன்மேல் சட்னி, துருவிய கேரட், பீட்ரூட், மேலே இன்னொரு தட்டை. லேசான சாமான். யாருக்கு என்ன வேண்டுமோ அதை நடுவில் வைத்துக்கொள்ளலாம். என் டெஸ்க்டாப்பும் அப்படித்தான் என்பதால் அந்தப் பெயரை வைத்தேன்.

இங்கே லினக்ஸ் பழகும் இளைஞர்கள் மாதம் ஒரு முறை கூடுகிறார்கள். அங்கே என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஐந்து நிமிடத்தில் இறங்கிவிட்டேன். "எழுதியாவது குடுங்க சார். எப்படிக் கட்டினீங்க, எப்படி நாலு பேருக்குக் குடுத்தீங்க, அதுதான் எங்களுக்கு வேணும்" என்றார்கள். கட்டிய கதையைப் பெருமையாகவே சொல்வேன். கொடுத்த கதையில் கொஞ்சம் தலைகுனிய வேண்டியிருக்கிறது. பரவாயில்லை, இந்த வயதில் எப்படியும் குனிந்துதான் நடக்கிறேன்.

கம்ப்யூட்டருக்கென்று படித்து வந்தவன் இல்லை நான். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்து டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். ஆபீசுக்கு முதல் மெஷின் வந்தபோது ஆறு மாதக் கோர்சுக்கு அனுப்பினார்கள். மீதியை மெஷினே என் உயிரை வாங்கிக் கற்றுக்கொடுத்தது.

எங்கள் முதலாளி பெயர் பொன்னுசாமி. ரிக் வண்டிகள் ஏழு வைத்திருந்தார். ஒன்று ஆந்திராவில் துளை போட்டுக்கொண்டிருக்கும், இன்னொன்று மத்தியப் பிரதேசத்தில் மழைக்கு ஒதுங்கி நிற்கும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேலை செய்கிறவனின் முதுகுக்குப் பின்னால் நிற்பார். மவுசைத் தொடமாட்டார். திட்டவும் மாட்டார். வேலை பிடிக்கவில்லையென்றால் நாக்கில் 'ச்சொ' என்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான். முப்பது வருடமும் அந்தச் சத்தத்துக்குப் பயந்தே வேலை பார்த்தேன். எல்லாரையும் 'சாமி' என்பார். பெயரிலேயே சாமி உள்ள என்னை மட்டும் 'ஆரோக்கியம்' என்று கூப்பிடுவார்.

ஆபீசில் இருந்த ஒன்பது மெஷின்களும் கிழடு தட்டிப் போயிருந்தன. காலையில் ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வந்தால் பாதிக் கண்ணைத் திறந்திருக்கும். புதிது வாங்கலாம் என்று மெதுவாக ஆரம்பித்தேன். "ஓடற வண்டிய எதுக்கு ஆரோக்கியம் பிரிக்கோணும்?" என்றார். லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, சும்மாவே கிடைக்கிறது, பழைய மெஷினிலும் ஓடும் என்றேன்.

"சும்மா கெடைக்கறதுல என்ன இருக்கப்போவுது?"

"முதலாளி, லாரி வாங்கினா கம்பெனிக்காரன் என்ன குடுக்கறான்? இஞ்சினும் சேசிஸும்தானுங்களே? கேபினும் பாடியும் நாமதானே கட்டறோம்? இதுவும் அதே மாதிரிதானுங்க. சேசிஸ் எவனோ குடுக்கறான். பாடி நாம கட்டிக்கோணும்."

முதலாளி என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு அடி முன்னால் வந்தார். பிறகு, "அப்ப நம்ம இஷ்டத்துக்குக் கட்டிக்கலாமா?" என்றார்.

"கட்டிக்கலாமுங்க."

"ஒரு வண்டி கட்டிக் காட்டு." எனக்குக் கிடைத்த அனுமதிக் கடிதம் அதுதான்.

கட்ட ஒரு மாதம் பிடித்தது. இருப்பதிலேயே எடை குறைந்த டெஸ்க்டாப்பாக ஒன்றைப் பிடித்தேன். அதிலும் ஆடம்பரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றினேன். ஜன்னல்கள் நெளிந்து வளைந்து திறப்பது, நிழல் விழுவது, உருகி மறைவது எல்லாம் போயிற்று. திரையின் கீழே இருந்த பட்டையைத் தடிமனாக்கினேன், ஏனென்றால் எங்கள் ஆபீசில் முக்கால்வாசிப் பேர் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு தேடுகிறவர்கள். மெனுவில் இருந்த நாற்பது சாமான்களில் ஐந்தை விட்டுவைத்து மற்றதை மறைத்தேன். அந்த ஐந்துக்கும் தமிழில் பெயர் வைத்தேன்: வண்டிச் சீட்டு, கடிதம், கணக்கு, இணையம், மெஷினை நிறுத்த 'அணை'. இரண்டு தடவை கிளிக் செய்யும் வழக்கத்தையே ஒழித்து ஒரே கிளிக்காக்கினேன். இரட்டை கிளிக் என்பது ஐம்பது வயதுக்கு மேல் கை நடுக்கத்தோடு போட்டி போடுகிற காரியம்.

கட்டி முடித்ததும் முதலாளி வந்து பின்னால் நின்றார். பாடி கட்டும் பட்டறையில் பலகையைத் தட்டிப் பார்ப்பதுபோல் மானிட்டரின் மண்டையில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். எதற்கென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு ஆபீசைக் கூட்டிப் பெருக்கி டீ போடும் சரசக்காவைக் கூப்பிட்டார். "சாமி, அந்தப் பொட்டில வண்டிச் சீட்டு எங்க இருக்குதுன்னு தொறந்து காட்டு."

சரசக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மவுசைப் பிடித்தார். தேடினார். கிளிக் செய்தார். வண்டிச் சீட்டு திறந்தது. "இதுக்கா கூப்புட்டீங்க? அடுப்புல பால் இருக்குதுங்க" என்று போய்விட்டார். "ச்சொ" வரவில்லை. அடுத்த வாரமே ஒன்பது மெஷின்களிலும் தட்டுவடை ஏறியது. அதன் பிறகு நான் எதை மாற்றினாலும் சரசக்காவிடம் பாஸ் ஆனால்தான் உண்டு. கம்பெனிகளில் இதற்கென்று தனி ஆள் வைத்திருக்கிறார்களாம். எங்களிடம் டீயும் சேர்த்துக் கிடைத்தது.

இனி ராகு காலத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு ரிக் புறப்படும்போதும் ஒரு வண்டிச் சீட்டு அடிக்க வேண்டும். எத்தனை பைப், எத்தனை ஹேமர், எத்தனை பிட் ஏற்றினோம் என்ற பட்டியல் அது. ராகு காலத்தில் புதுச் சீட்டு அடிக்கக்கூடாது என்பது முதலாளியின் சட்டம். அதை அமல்படுத்த அவர் கையாண்ட முறை எளிமையானது: ராகு காலம் தொடங்கியதும் பிரிண்டரில் இருக்கும் பேப்பர் கட்டை எடுத்துத் தன் டிராயரில் வைத்துப் பூட்டிவிடுவார். முடிந்ததும் திருப்பி வைப்பார். சில நாள் டிராயரைப் பூட்டிக்கொண்டு சாவியோடு மல்லசமுத்திரம் போய்விடுவார். ஆபீஸ் மொத்தமும் பேப்பருக்காகக் கைகட்டி உட்கார்ந்திருக்கும்.

ஒருநாள் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஆரோக்கியம், இத உன்ற மெஷினுக்கே தெரியற மாதிரிப் பண்ண முடியாதா?"

நான் கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறவன். எங்கள் வீட்டில் ராகு காலம் பார்க்கிற வழக்கம் இல்லை. ஆனால் வேலை பார்க்கும் இடத்தில் முதலாளியின் காலம்தான் என் காலம். லினக்ஸில் க்ரான் என்று ஒன்று உண்டு. இந்த நேரத்துக்கு இதைச் செய் என்று எழுதி வைத்துவிட்டால், எழுதியவனே மறந்துபோனாலும் அது செய்துகொண்டே இருக்கும். தினசரி காலண்டரைப் பார்த்து ஏழு வரி எழுதினேன். திங்கள் ஏழரை முதல் ஒன்பது, சனி ஒன்பது முதல் பத்தரை என்று வாரம் முழுவதும். அந்த நேரத்தில் பிரிண்டர் வரிசை நின்றுவிடும். யாராவது தந்திரமாக மறுபடி ஓட்டிவிட்டால்? நிமிடத்துக்கு ஒரு முறை சோதித்து மறுபடி நிறுத்தும்படி செய்தேன். பிரிண்டரை மாற்றிவிட்டால்? எந்தப் பிரிண்டர் மாட்டினாலும் நிறுத்தும்படி செய்தேன். திரையில் பட்டைக்கு மேல் 'ராகு காலம்' என்று சிவப்பில் ஒரு வரியும் ஓடவிட்டேன்.

முதலாளி பார்த்துவிட்டு ஒன்று சொன்னார். "புதுசா எதையும் ஆரம்பிக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆரம்பிச்சுட்டது ஓடிட்டுப் போகுது. கெளம்புன வண்டிய எவனாச்சும் நடுரோட்டுல நிறுத்துவானா?"

ஆரம்பித்தது எது, ஆரம்பிக்காதது எது என்று மெஷினுக்குப் பிரித்துச் சொல்ல இன்னும் இருபது வரி எழுத வேண்டும். எனக்குச் சோம்பல். "சரிங்க" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் நிறுத்துகிறபடியே விட்டுவிட்டேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டது அந்த இடத்தில்தான்.

தட்டுவடையின் புகழ் மெல்லப் பரவியது. ரிக் வைத்திருக்கும் இன்னும் இரண்டு ஆபீஸ்காரர்கள் கேட்டார்கள். ஜலகண்டாபுரத்தில் சேலைக்கு டிசைன் போடும் ஒருவர் கேட்டார். எருமப்பட்டியில் கோழித் தீவனக் கடைக்காரர் கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டியதை அப்படியே ஒரே ஃபைலாகச் சுருட்டி, பென்டிரைவில் போட்டு யார் வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளும்படி செய்தேன். கொடுப்பதற்கு முன் எங்கள் ஆபீஸ் அடையாளங்களை எடுக்க வேண்டுமல்லவா? ஒரு தாளில் பட்டியல் போட்டேன். வால்பேப்பரில் இருந்த நாலாம் நம்பர் ரிக், ஃபோர்மேன்களின் போன் நம்பர்கள், பாஸ்வேர்டுகள், திரையில் ஓடும் சிவப்பு வரி என்று பதினான்கு இனங்கள். ஒவ்வொன்றாக நீக்கி ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டேன். கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் சுத்தம் செய்தேன். கண்ணுக்குத் தெரியாத க்ரான் மட்டும் அடியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. சிவப்பு வரியை எடுத்ததும் ராகுவே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். பதினோரு பேருக்கு அப்படியே கொடுத்தேன்.

பதினோராவது ஆள் சாகிரா. சேலம் கோட்டைப் பக்கம் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவளுடைய அண்ணன் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். அவர் கட்டடத்தின் முன்னறையில் இணையம், பிரிண்ட், விண்ணப்பம் பூர்த்தி செய்வது என்று ஒரு கடை போட வேண்டும் என்று சாகிராவுக்கு ஆசை. அண்ணனுக்கு அரைமனது. "மூணு மாசம் பாரு. சரியா வரலேன்னா சாவியக் குடுத்துட்டு நம்ம கடையில வந்து பில் போடு" என்று சொல்லியிருந்தார். எங்கள் ஆபீஸ் பரணில் எப்போதோ ஒதுக்கிப் போட்டிருந்த நாலு மெஷின்களை எடுத்து, தட்டுவடையை ஏற்றி, நானே போய் மாட்டிக் கொடுத்தேன்.

இரண்டாம் வாரம் போன் வந்தது. "சார், பிரிண்டர் திடீர்னு நின்னுபோகுது. ஒன்றரை மணி நேரம் கழிச்சுத் தானா ஓடுது."

"கேபிளைக் கழட்டி மாட்டும்மா."

மறுநாளும் போன். "அணைச்சு அஞ்சு நிமிஷம் விடும்மா." அதற்கடுத்த நாளும். "வோல்டேஜா இருக்கும்." பிரிண்டர் மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். அவர் வந்த நேரம் நன்றாக ஓடியது. அவர் போனதும் நின்றது. அதுவும் சும்மா நிற்கவில்லை. வரவில்லையே என்று ஆட்கள் திரும்பத் திரும்ப பிரிண்ட் கொடுப்பார்கள். எல்லாம் வரிசையில் சேர்ந்துகொள்ளும். எல்லாரும் வெறுத்துப் போய்க் கடையைவிட்டு இறங்கிய பிறகு, தானாகக் கடகடவென்று கக்கும். ஒரு பெரியவருடைய ரேஷன் கார்டு மட்டும் பதினேழு தடவை வந்ததாம். பக்கத்துக் கடைப் பையன்கள் 'பேய் பிரிண்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பூசை முடிந்ததும் நேரே அவள் கடைக்குப் போனேன். காலை பத்து மணிக்கு உட்கார்ந்து முப்பது பக்கம் அடித்துப் பார்ப்பேன். பட்டுப்போல ஓடும். எப்படி ஓடாமல் இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் சாயங்காலம் நாலரைக்குத்தானே! அதற்குள் அவள் கடையை மூடிவிடுவாள். திங்கட்கிழமை ராகு அவள் கடை திறக்கும் முன்பே முடிந்துவிடும். மற்ற ஐந்து நாளும் அவள் மாட்டினாள்.

சாகிரா ஒரு நோட்டில் நாள், நேரம் எல்லாம் எழுதி வைத்திருந்தாள். வெள்ளி பத்தரை, நின்றது. பன்னிரண்டு, ஓடியது. புதன் பன்னிரண்டு, நின்றது. எட்டு வாரத்துக்கு அப்படி எழுதியிருந்தாள். ராகு காலம் பார்க்கிற வீட்டுக்காரர் யாராவது அதை ஒரு பார்வை பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் சிரித்திருப்பார். பார்த்ததோ அவளும் நானும். நோட்டைப் புரட்டிவிட்டு மூடினேன். மூடியது மட்டுமில்லை, மூன்றாவது ஞாயிறு இப்படியும் சொன்னேன்: "மெஷின்ல ஒண்ணும் இல்லம்மா. நீங்கதான் எதையோ தப்பா அழுத்தறீங்க."

 அவள் நோட்டை வாங்கி மேசைக்கடியில் வைத்துக்கொண்டாள். இன்று அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. முப்பது வருடத்தில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ சொல்லியிருப்பேன். திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் எடுத்துக்கொள்வேன்.

மூன்றாம் மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை அவளே போன் செய்தாள். "சார், நாளைக்குக் காலேஜ் அப்ளிகேஷனுக்குக் கடைசி நாள். பத்துப் பன்னெண்டு பொண்ணுங்க வர்றாங்க. நாளைக்கும் நின்னுச்சுன்னா நானே அண்ணன்கிட்ட சாவியக் குடுத்துடறேன். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், பக்கத்துல இருந்தாப் போதும்." லீவு போட்டேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் கடை நிறையப் பெண்கள். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, ஐந்து மணிக்குள் ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கும் கல்லூரியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சாகிராவிடம் ஒரு வழக்கம் உண்டு. முதல் பக்கத்தை மட்டும் அடித்துக் கையில் கொடுத்து, பெயர், பிறந்த தேதி எல்லாம் சரியா என்று படித்துப் பார்க்கச் சொல்வாள். சரி என்றால்தான் மீதி. ஆட்டையாம்பட்டியிலிருந்து பழனியம்மா என்ற அம்மாள் தன் மகள் கோகிலாவோடு வந்திருந்தார். அந்தப் பெண்ணுக்கு முதல் பக்கம் வந்தது. அம்மாவும் மகளும் எழுத்துக்கூட்டிப் படித்துச் சரி பார்த்தார்கள். மீதி மூன்று பக்கத்துக்கு சாகிரா பிரிண்ட் கொடுத்தாள்.

ஒன்றும் வரவில்லை.

சாகிரா என்னைப் பார்த்தாள். பன்னிரண்டு பெண்களும் சாகிராவைப் பார்த்தார்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பிரிண்டர் வரிசை 'நிறுத்தப்பட்டுள்ளது' என்று காட்டியது. ஓட்டிவிட்டேன். பிரிண்டர் உறுமி, தாளைப் பாதி இழுத்து, நாக்கை நீட்டியதுபோல நின்றது. மறுபடி ஓட்டினேன். மறுபடி நின்றது.  இத்தனை நாள் அவள் சொன்னது அத்தனையும் உண்மை.

பழனியம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். "மணி மூணு. செவ்வாக்கெழம. ராகு காலம் பொறந்துருச்சு. பாத்தியா கோகிலா, மெஷினே வேண்டாங்குது."

என் கை மவுசின்மேல் அப்படியே நின்றது. மூணு. செவ்வாய். எட்டு வாரத்து நோட்டும் என் ஏழு வரியும் ஒன்றாகக் கண்முன் வந்தன. வாழ்க்கையில் அப்படி ஒரு வேகத்தில் எனக்கு எதுவும் புரிந்ததில்லை. க்ரானைத் திறந்தேன். ராகு என்று நானே வைத்த பெயரில் ஃபைல் அங்கேயே இருந்தது. அழித்தேன். பாதித் தாளை உருவிவிட்டு, "இனி ஓடும்மா" என்றேன் சாகிராவிடம், மெதுவாக. அந்த நேரத்தில்கூட, யாருக்கும் தெரியாமல் தப்பித்துவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

ஆனால் பழனியம்மா வாசல்வரை போய்விட்டார். "நாலரைக்கு மேல எடுத்துக்கலாம், வா."

"அம்மா, நாலரைக்கு எடுத்தா அஞ்சுக்குள்ள எப்படிம்மா போறது? ரெண்டு பஸ்ஸு மாறோணும்" என்றாள் கோகிலா. குரல் உடைந்துவிட்டது.

"இல்லீன்னா அடுத்த வருசம். சகுனம் சரியில்லாத படிப்பு எதுக்கு சாமி?"

இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனிதனே இல்லை. எழுந்து நின்றேன். "அம்மா, நில்லுங்க. இது ராகு செஞ்சதில்லை. நான் செஞ்சது." எங்கள் முதலாளி கேட்டது, நான் எழுதியது, எடுக்க மறந்தது எல்லாவற்றையும் அத்தனை பேர் முன்னால் சொன்னேன். சொல்லும்போது சாகிராவின் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

பழனியம்மா பொறுமையாகக் கேட்டார். "ஏனுங்க சார், நீங்க நிறுத்துனீங்களோ ராகு நிறுத்துச்சோ, மூணு மணிக்கு நின்னுச்சா இல்லீங்களா? நின்னது நின்னதுதானுங்களே."  இதற்குப் பதில் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

சாகிராதான் எழுந்து வந்தாள். கோகிலாவின் கையிலிருந்த முதல் பக்கத்தை வாங்கி பழனியம்மாவிடம் நீட்டினாள். "அக்கா, ராகு காலத்துல புதுசா ஒண்ண ஆரம்பிக்கத்தானே கூடாது? எங்க பக்கத்து வீட்டுல அப்படித்தான் சொல்வாங்க. நீங்க எப்ப ஆரம்பிச்சீங்க? இந்த மூலையில பாருங்க, பிரிண்ட் எடுத்த நேரம் விழுந்திருக்கு. ரெண்டு அம்பத்தாறு. மூணுக்கு முன்னாடியே உங்க பொண்ணு படிப்பு ஆரம்பிச்சாச்சு. இனி வர்றது மிச்சம்தான்."

பழனியம்மா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். "ரெண்டு அம்பத்தாறுதாம்மா" என்றாள் கோகிலா. பழனியம்மா கடிகாரத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப ஆரம்பிச்ச காரியத்த நடுவுல நிறுத்துனது இவருதானா? ஏனுங்க, பெரிய மனுசரு செய்யற வேலைங்களா இது? சீக்கிரம் மிச்சத்தக் குடுங்க சாமி, பஸ்ஸு போயிரும்."

மூன்று பக்கமும் வந்தன. மூன்றரைக்குள் எல்லாப் பெண்களும் தாளோடு ஓடிவிட்டார்கள். மூணு மணிக்குப் பிறகு ஆரம்பித்தவர்களைப் பற்றிப் பழனியம்மா கவலைப்படவில்லை, நானும் நினைவூட்டவில்லை.

அந்த வாரமே மற்றப் பத்துப் பேருக்கும் போன் போட்டு மன்னிப்புக் கேட்டு, எடுக்கும் வழியைச் சொன்னேன். எட்டுப் பேர், இத்தனை நாள் பிரிண்டரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம் என்று திட்டினார்கள். எருமப்பட்டிக்காரர் தன்னிடம் பிரிண்டரே இல்லை என்றார். ஜலகண்டாபுரத்து டிசைன்காரர் பதறிப்போய், "அதைய மட்டும் எடுத்துராதீங்க. அதுக்காகத்தானுங்க நான் வேற சிஸ்டத்துக்கே மாறல" என்றார். முதலாளியிடமும் போய்ச் சொன்னேன். பின்னால் நின்று முழுவதும் கேட்டார். முப்பது வருடத்தில் நான் கேட்ட மிக நீளமான "ச்சொ" அன்று வந்தது. சோம்பல்பட்டு எழுதாமல் விட்ட இருபது வரியை அன்றே உட்கார்ந்து எழுதினேன். இளைஞர்களே, நீங்கள் கேட்ட 'எப்படிக் கொடுப்பது' என்பதற்கு என் பதில் இதுதான்: என்னென்ன மாற்றினீர்கள் என்று கட்டும்போதே அன்றன்றைக்கு எழுதி வையுங்கள். கொடுக்கிற அன்று ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள். ஞாபகம் நமக்குச் சாதகமாகத்தான் எழுதும்.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமையை நான் இன்னும் முடிக்கவில்லை. கடை காலியானதும் சாகிரா எதிர்க்கடையில் இரண்டு டீ சொன்னாள்.  "தப்பா அழுத்தறீங்கன்னு சொன்னேனே, அதுக்கு மன்னிச்சிரும்மா" என்றேன்.

"எட்டு வாரமா என் கையையே நான் சந்தேகப்பட்டேன் சார்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சும்மாதான் சொன்னாள். 

நாலே காலுக்கு அவள் போன் அடித்தது. கோகிலா. "அக்கா, வாங்கிட்டாங்க!" என்று அவள் கத்தியது எனக்கே கேட்டது. சாகிரா போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மறுபடி எடுத்து அண்ணனுக்குப் போட்டாள்.

"அண்ணே, கடைச் சாவி எங்கிட்டயே இருக்கட்டும். இல்ல, இல்ல, மெஷின்ல கோளாறு இல்ல. எங்கிட்டயும் இல்ல. கோளாறு இங்க என் எதிர்ல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருக்கு."